சூத்திரம் தெரியும், ஆனால் கணக்கு தொடங்க வரவில்லை என்றால் என்ன செய்வது?

பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். மகள் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் 10ஆம் வகுப்பு படிக்கிறாள், சூத்திரம் எல்லாம் தலைகீழாக ஒப்பிக்கிறாள், டியூஷனும் போகிறாள், ஆனால் புதிதாக ஒரு கணக்கைக் கொடுத்தால் பேனாவைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிடுகிறாள், இயற்கணிதத்தையும் வடிவியலையும் படிப்படியாகப் போட ஏதாவது வழி உண்டா என்று. கேள்வியை இரண்டு முறை படித்தேன் அம்மா. நீங்கள் படிகளைக் கேட்பது போல் இருந்தாலும் உண்மையில் கேட்பது முதல் வரியைத்தான். இரண்டாவது வரியிலிருந்து கடைசி வரை டியூஷனில் சொல்லித்தருகிறார்கள். அந்த முதல் வரி எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை.

நான் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் அரசுப் பள்ளிகளில் 26 வருடமாகக் கணக்கு சொல்லித்தருகிறேன், பெரும்பாலும் 8 முதல் 10 வரை. அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன். ஒரு சின்ன விஷயம் முதலில்: தமிழிலேயே தட்டச்சு செய்வதால், புத்தகத்தில் எக்ஸ் என்று வருகிற இடத்தில் இங்கே ‘ய’ என்றோ ‘வ’ என்றோ எழுதுகிறேன், முக்கோணத்தின் முனைகளுக்கு க, ச, ட. எழுத்து மாறினால் கணக்கு மாறாது. இதுவே ஒரு பாடம்தான், ஏனென்றால் எக்ஸ் இருந்தால் போட்டுவிட்டு, அதே கணக்கை வேறு எழுத்தில் கொடுத்தால் “சார், இது நடத்தலை” என்று சொல்லும் பிள்ளைகளை வருடாவருடம் பார்க்கிறேன். அவர்களுக்கு எக்ஸ் என்பது ஒரு எண்ணின் இடம் என்பது இன்னும் உள்ளே போகவில்லை.

சரி, முதல் வரிக்கு வருவோம். நான் சொல்லித்தருவது ஒன்றே ஒன்றுதான்: முதலில் ஒரு எண்ணை வைத்துப் பார், அப்புறம் எழுத்தை வை. ஒரு கணக்கு பார்க்கலாம். ஒரு வியாபாரி 2400 ரூபாய்க்கு செந்தூரா மாம்பழம் வாங்கினார். கிலோவுக்கு 10 ரூபாய் குறைந்திருந்தால் அதே பணத்துக்கு 8 கிலோ கூடுதலாக வந்திருக்கும். கிலோ என்ன விலை? இதைப் படித்தவுடனே “விலையை வ என்க” என்று எழுதச் சொன்னால் எழுதிவிடுவார்கள், அதற்கு அடுத்த வரியில் நின்றுவிடுவார்கள். அதனால் அதை எழுத விடாதீர்கள். “நீயே ஒரு விலை சொல்லு” என்று கேளுங்கள். 80 ரூபாய் என்பாள். 80 என்றால் எத்தனை கிலோ? 2400-ஐ 80ஆல் வகுத்தால் 30 கிலோ. 10 ரூபாய் குறைந்து 70 ஆனால்? 34 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. கூடுதலாக வந்தது 4 கிலோ சொச்சம்தான், 8 வரவில்லை. சரி, 40 ரூபாய்? 60 கிலோ, 30 ரூபாய்க்கு 80 கிலோ, கூடுதல் 20. ரொம்ப அதிகம். ஆக விடை 40-க்கும் 80-க்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது.

இப்போது அவள் என்ன செய்தாள் என்று பாருங்கள். 2400/70-லிருந்து 2400/80-ஐக் கழித்து 8 வருகிறதா என்று பார்த்தாள். 80 இருந்த இடத்தில் வ போடு, 70 இருந்த இடத்தில் வ − 10 போடு, 2400/(வ − 10) − 2400/வ = 8. அவ்வளவுதான், சமன்பாடு வந்துவிட்டது. முதல் வரி சூத்திரத்திலிருந்து வரவில்லை, அவள் எண்ணை வைத்துச் செய்த வேலையிலிருந்து வந்தது. இனி எல்லாவற்றையும் 8ஆல் வகுத்துவிட்டால் 300/(வ − 10) − 300/வ = 1. குறுக்கே பெருக்கினால் 300வ − 300(வ − 10) = வ(வ − 10). இந்த இடத்தில்தான் பாதி வகுப்பு விழும். −300-ஐயும் −10-ஐயும் பெருக்கினால் +3000, ஆனால் கை பழக்கத்தில் −3000 என்று எழுதும். அப்படி எழுதினால் வ² − 10வ + 3000 = 0 என்று வரும், அதற்கு மெய்யெண் மூலமே கிடையாது, பிள்ளை காரணி தேடித் தேடிக் களைத்துப்போய் “எனக்குக் கணக்கு வராது” என்று முடிவு கட்டிவிடும். சரியாக எழுதினால் வ² − 10வ − 3000 = 0. பெருக்கினால் −3000, கூட்டினால் −10 வரும் இரண்டு எண்கள் −60, 50. ஆக (வ − 60)(வ + 50) = 0, வ = 60 அல்லது −50. விலை குறை எண்ணாக இருக்க முடியாது என்று ஒரு வரி எழுதித்தான் −50-ஐ விட வேண்டும், சும்மா அடித்துவிடக் கூடாது. 60 ரூபாய்க்கு 40 கிலோ, 50 ரூபாய்க்கு 48 கிலோ, வித்தியாசம் 8. முதலில் 40-க்கும் 80-க்கும் நடுவில் என்று சொன்னோமே, அதற்குள் வந்திருக்கிறது.

தமிழ் வழிப் பிள்ளைகளுக்கு ஒரு வசதி இருக்கிறது, அதைப் பலரும் கவனிப்பதில்லை. “ஒரு எண்ணை விட 5 குறைவு” என்று தமிழில் வருகிற வரிசையிலேயே எழுதினால் ய − 5. ஆங்கில வழிப் பிள்ளைக்கு அங்கே 5 முதலில் வருவதால் 5 − ய என்று எழுதிவிடும் ஆபத்து அதிகம். ஆனால் “அப்பாவின் வயது மகனின் வயதைப் போல் 3 மடங்கு” என்றால் தமிழிலும் வழுக்கும். அப்பாவோடு 3-ஐப் பெருக்கிவிடுவார்கள். அங்கேயும் மருந்து அதேதான்: மகனுக்கு 10 என்று வை, அப்பாவுக்கு 30. எதை மூன்றால் பெருக்கினாய்? மகனைத்தானே.

அடுத்தது பக்கம் மாற்றுவது. “இந்தப் பக்கம் பிளஸ்னா அந்தப் பக்கம் மைனஸ்” என்று 7ஆம் வகுப்பில் சொல்லிவிடுகிறோம், நானும் ஆரம்ப வருடங்களில் அப்படித்தான் சொன்னேன். அதன் விளைவு 10ஆம் வகுப்பில் 3ய = 12 என்று கொடுத்தால் ய = 12 − 3 = 9 என்று ஒரு பிள்ளையாவது எழுதும். அந்தப் பிள்ளை தப்பாக யோசிக்கவில்லை, நாம் சொன்ன வாசகத்தை அப்படியே நம்பியிருக்கிறது. எதுவும் எங்கேயும் போவதில்லை. தராசின் இரண்டு தட்டிலும் ஒரே வேலையைச் செய்கிறோம், அவ்வளவுதான். ய + 3 = 12 என்றால் இரண்டு பக்கமும் 3-ஐக் கழிக்கிறோம், 3ய = 12 என்றால் இரண்டு பக்கத்தையும் 3ஆல் வகுக்கிறோம். 9ஆம் நூற்றாண்டில் பாக்தாத்தில் இருந்த கணித அறிஞர் அல்-குவாரிஸ்மி, கழிபட்டதை இருபுறமும் கூட்டிச் சரிசெய்யும் வேலைக்கு வைத்த பெயர் அல்-ஜப்ர், குறைந்ததைத் திரும்ப நிரப்புவது என்று அர்த்தம். ஆங்கிலத்தில் இயற்கணிதத்துக்கு வழங்கும் அல்ஜீப்ரா என்ற பெயரே அதிலிருந்துதான் வந்தது. உங்கள் மகளை ஒரு மாதத்துக்கு மட்டும் “இருபுறமும் 3-ஐக் கழிக்க” என்று ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் எழுதச் சொல்லுங்கள். நேரம் ஆகும், சலித்துக்கொள்வாள், ஆனால் அதற்கப்புறம் எழுதாமலேயே சரியாக வரும்.

அடித்துவிடுவது இன்னொரு பெரிய தொல்லை. (ய + 6)/6 என்று இருந்தால் மேலே ஒரு 6, கீழே ஒரு 6, அடித்துவிட்டு ய என்று எழுதுவார்கள். எண்ணை வைத்துப் பார்: ய = 6 என்றால் 12/6 = 2, அவள் எழுதிய விடைப்படி 6. பொருந்தவில்லை. பெருக்கலில் இருக்கும் காரணியைத்தான் அடிக்கலாம், கூட்டலில் இருக்கும் உறுப்பை அடிக்க முடியாது. ஒரு கூட்டலின் வர்க்கத்தை இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுதுவதும் இதே சாதிதான்: 13² = 169, ஆனால் 10² + 3² = 109. மீதி 60 எங்கே போனது? 13 கட்டத்துக்கு 13 கட்டம் ஒரு சதுரத்தைக் கட்டம் போட்ட நோட்டில் வரைந்து, 10-லும் 3-லும் கோடு போடச் சொன்னால், ஓரத்தில் 30 கட்டத்துக்கு இரண்டு செவ்வகம் தெரியும். போன வருடம் ஒரு பையன் அந்த இரண்டு செவ்வகத்துக்கும் பச்சை அடித்துவிட்டு “இதுதான் சார் அந்த ரெண்டு ஏபி” என்றான். அவன் அதற்கப்புறம் அந்தத் தப்பைச் செய்யவில்லை. ய² = 5ய என்பதில் ய-வை அடித்துவிட்டு 5 மட்டும் எழுதுவதும் தப்பு, ய பூச்சியமாகவும் இருக்கலாம், ஒரு விடை தொலைந்துவிடும்.

காரணிப்படுத்துவதில் எண் சட்டென்று கிடைக்காதபோது நேரம் வீணாகும். அதற்கு நம் நாட்டுப் பழைய கணித அறிஞர் ஸ்ரீதரர் சொன்னதாக, அவருக்குப் பின்னால் வந்த பாஸ்கரர் எடுத்துக்காட்டும் ஒரு வழி எனக்கு ரொம்பப் பிடிக்கும், பின்னமே வராது. 2ய² + 5ய − 3 = 0 என்று வைத்துக்கொள்வோம். முதல் கெழுவின் (ய²-க்கு முன்னால் இருக்கும் 2) 4 மடங்கால், அதாவது 8ஆல், முழுவதையும் பெருக்கு: 16ய² + 40ய − 24 = 0. முதலில் இருந்த நடுக்கெழு 5-இன் வர்க்கமான 25-ஐ இருபுறமும் கூட்டி, 24-ஐயும் கூட்டினால் 16ய² + 40ய + 25 = 49. இடது பக்கம் (4ய + 5)². ஆக 4ய + 5 என்பது 7 அல்லது −7, ய = 1/2 அல்லது −3. இதையே எண்ணுக்குப் பதில் எழுத்து வைத்துச் செய்தால் அவள் மனப்பாடம் செய்து வைத்திருக்கும் இருபடிச் சூத்திரம் வந்துவிடும். ஒரு தடவை தன் கையால் வரவைத்துப் பார்த்த சூத்திரம் தேர்வு பயத்தில் மறந்தாலும் திரும்ப வரவைக்கலாம்.

இப்போது வடிவியல். இங்கே முதல் வரி ஒரு படம். கொடுத்ததை எல்லாம் படத்தில் குறிக்காமல் எழுத ஆரம்பிக்கவே கூடாது. கசட ஒரு முக்கோணம், கச மேல் த, கட மேல் ப, தப-வும் சட-வும் இணை. கத = ய, தச = ய − 3, கப = ய + 4, பட = ய − 1. ஒரு பக்கத்துக்கு இணையான கோடு மற்ற இரண்டு பக்கத்தையும் ஒரே விகிதத்தில் வெட்டும் என்பது தேல்ஸ் தேற்றம், அதன்படி கத/தச = கப/பட, அதனால் ய(ய − 1) = (ய + 4)(ய − 3). விரித்தால் ய² − ய = ய² + ய − 12, இரண்டு பக்கமும் ய² போய்விடும், 2ய = 12, ய = 6. அளவுகள் 6, 3, 10, 5. இரண்டு பக்கமும் விகிதம் இரண்டுக்கு ஒன்று, சரி. இதை எல்லோரும் போட்டுவிடுவார்கள். கணக்கு கொஞ்சம் நீண்டு, சட = 12 என்றால் தப எவ்வளவு என்று கேட்டால்தான் சிக்கல். 6/3-ஐயே வைத்து தப = 24 என்று எழுதுவார்கள். படத்தைப் பார்த்தாலே தப சின்னது, சட பெரியது, 24 எப்படி வரும்? சின்ன முக்கோணம் கதப, பெரிய முக்கோணம் கசட, இரண்டும் வடிவொத்தவை, அதனால் முழுப் பக்கத்தோடுதான் ஒப்பிட வேண்டும்: கத/கச = 6/9. தப = 8. அந்த இரண்டு முக்கோணத்தையும் தனித்தனியாகப் பக்கத்தில் வரைந்துவிட்டால் இந்தத் தப்பு வராது. ஒன்றின் மேல் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும் படத்தைப் பிரித்து வரைவது வடிவியலில் பாதி வேலை.

நிரூபணக் கணக்கில் “இந்தக் கோட்டை எங்கே சார் போடறது, எப்படி உங்களுக்குத் தோணுது” என்று கேட்பார்கள். எனக்கும் தானாகத் தோன்றுவதில்லை, அடையாளம் பார்த்துப் பழகியிருக்கிறேன். நடுப்புள்ளி என்ற சொல் வந்தால் எங்கேயோ ஒரு முக்கோணம் வேண்டும். ஒரு நாற்கரத்தின் நான்கு பக்கத்து நடுப்புள்ளிகளையும் சேர்த்தால் இணைகரம் வரும் என்று நிரூபிக்கச் சொன்னால், படத்தில் முக்கோணமே இல்லை, அதனால் மூலைவிட்டம் ஒன்றைப் போடுகிறோம். இரண்டு முக்கோணம் கிடைக்கிறது. மேல் முக்கோணத்தின் நடுப்புள்ளிக் கோடு மூலைவிட்டத்துக்கு இணை, அதில் பாதி. கீழ் முக்கோணத்திலும் அதேதான். எதிரெதிர் பக்கம் இரண்டும் இணை, சமம், முடிந்தது. மையம் என்று வந்தால் ஆரங்களைப் போடு, தொடுகோடு என்று வந்தால் தொடும் புள்ளிக்கு ஆரத்தைப் போட்டு 90° குறி. இந்த மூன்று பழக்கமே பள்ளி அளவில் பெரும்பாலான கணக்குக்குப் போதும். படம் வரையும்போது சமபக்கம் போல அழகாக வரையாதீர்கள், கோணலாக வரையுங்கள், இல்லாவிட்டால் கணக்கில் கொடுக்காத சமத்தைப் படம் பார்த்து எழுதிவிடுவாள்.

செய்முறை வடிவியல் கணக்கைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், அது 8 மதிப்பெண், அதோடு எதற்கென்று தெரியாமலேயே எல்லோரும் வரைவது அதுதான். அடிப்பக்கமும் உச்சிக்கோணமும் கொடுத்து முக்கோணம் வரையச் சொல்வார்கள். அடிப்பக்கம் சட, உச்சிக்கோணம் 50° என்போம். ச-வில் அடிப்பக்கத்துக்குக் கீழே 50° போடு, அந்தக் கோட்டுக்குச் செங்குத்தாக மேல்நோக்கி ஒன்று, சட-வுக்கு மையக்குத்துக்கோடு ஒன்று, இரண்டும் வெட்டுமிடம் மையம், வட்டம் போடு. ஏன் கீழே 50°? செங்குத்தில் 90-லிருந்து 50 போனால், ச-வில் ஆரத்துக்கும் அடிப்பக்கத்துக்கும் நடுவில் 40° இருக்கிறது. ஆரங்கள் சமம், அதனால் ட-விலும் 40°. மையத்தில் 180 − 80 = 100°. வட்டத்தின் பெரிய வில்லில் எங்கே நின்று சட-வைப் பார்த்தாலும் மையக்கோணத்தில் பாதி, அதாவது 50°. அதனால்தான் உச்சி அந்த வட்டத்தின் பெரிய வில்லில் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம், நடுக்கோடோ குத்துயரமோ கூடுதலாகக் கொடுத்தால்தான் இடம் நிலைக்கும். இதை ஒரு தடவை இப்படிப் புரிந்துகொண்ட பிள்ளைக்கு மேலே போடுவதா கீழே போடுவதா என்ற சந்தேகம் வராது. உதவிப்படமும் வரைமுறையும் கட்டாயம் எழுத வேண்டும். கவராயத்தின் திருகை இறுக்கிக்கொண்டு போகச் சொல்லுங்கள், பாதி வட்டத்தில் கால் விரிந்து மையம் தப்பிப்போன விடைத்தாள்களை நிறையத் திருத்தியிருக்கிறேன்.

வடிவொத்தமை மண்டையில் ஏறவில்லை என்றால் வெயிலுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். 1 மீட்டர் குச்சியை நேராக நட்டு நிழலை அளந்தால் 80 செ.மீ, அதே நேரத்தில் கொடிக்கம்பத்தின் நிழல் 9.6 மீட்டர் என்றால் கம்பம் 12 மீட்டர். ஒரு வருடம் பள்ளி வாசல் புளியமரத்தில் செய்தோம், நான்கு குழுவும் நான்கு விடை சொன்னது. அப்புறம்தான் புரிந்தது, புளியமரம் பக்கவாட்டில் விரிந்தது, நிழலின் ஓரம் உச்சியிலிருந்து வருவதில்லை, ஏதோ ஒரு பக்கக் கிளையிலிருந்து வருகிறது. உச்சியின் நிழல் மரத்தடி நிழலுக்குள்ளேயே மறைந்துவிடுகிறது. கொடிக்கம்பமோ தென்னையோதான் சரி. முக்கோணத்தின் மூன்று முனையும் எது எது என்று தெரியாமல் விகிதம் எழுதக் கூடாது என்பதை அந்தப் புளியமரம் சொன்ன அளவுக்கு நான் சொல்லியிருக்க மாட்டேன்.

இதுவரை சொன்ன கணக்கு விஷயங்கள் எல்லாம் உறுதியானவை, நீங்களே எண் வைத்துச் சரிபார்க்கலாம். இனி சொல்வது என் கணிப்பு மட்டும்தான். ஒரு நாளைக்கு 20 கணக்கு போடுவதை விட, 3 கணக்கை எண் வைத்துப் பார்த்து, காரணம் எழுதி, விடையைத் திரும்பப் பொருத்திப் பார்ப்பது நல்லது என்று நினைக்கிறேன். என் வகுப்பில் பலருக்கு இரண்டு மூன்று மாதத்தில் வித்தியாசம் தெரிந்தது, சிலருக்குத் தெரியவில்லை, வேகமாகப் போடும் பிள்ளைகளில் ஓரிருவர் இதனால் தடுமாறியதும் உண்டு. இப்போதைய வினாத்தாள் முறையில் ஒரு மதிப்பெண் 14, இரண்டு மதிப்பெண் 10, ஐந்து மதிப்பெண் 10, எட்டு மதிப்பெண் 2, மொத்தம் 100, தேர்ச்சிக்கு 35. தேர்வுக்கு ஒரு மாதமே இருக்கிறது என்றால் நான் சொன்ன வழி மெதுவானது, அப்போது வரைபடம், செய்முறை வடிவியல், புத்தகத்து எடுத்துக்காட்டுகள் என்று பிடித்துக்கொள்வதுதான் நடைமுறை. மகள் எண்களை மாற்றி மாற்றிப் படிக்கிறாள், 36-ஐ 63 என்கிறாள், கடையில் சில்லறை எண்ணவே தடுமாறுகிறாள் என்றால் அது வேறு விஷயம், அதற்கு நான் பதில் சொல்லக் கூடாது, கற்றல் குறைபாட்டைச் சோதிக்கத் தெரிந்தவர்களிடம் காட்டுங்கள். நுழைவுத் தேர்வுக் கணக்கும் என் எல்லைக்கு வெளியேதான்.

இன்று ராத்திரி ஒன்று மட்டும் செய்யுங்கள் அம்மா. கடைசித் தேர்வு விடைத்தாளை எடுத்து, தப்பான ஒவ்வொரு கணக்கிலும் கை எந்த வரியில் நின்றது என்று அவளையே பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். முதல் வரிக்கு முன்னாலேயே நின்றதா, குறியில் தவறியதா, அடிக்கக் கூடாததை அடித்ததா, படம் வரையாமல் எழுதியதா. எது அதிகம் என்று பார்த்துவிட்டு அதை மட்டும் இங்கே எழுதுங்கள், அந்த ஒன்றுக்குத் தனியாகக் கணக்கு போட்டுத் தருகிறேன்.